பூண்டு தடவிய புழு

கோர்லி ஏரி, ஆர்க்கன்சா
மார்ச் 6, 1994

அன்புள்ள ட்வைலா அக்கா,

நலமாக இருக்கிறேன். நீ முதலில் தேடப்போவது அந்த வரியைத்தான் என்பதால் முதலிலேயே எழுதிவிட்டேன். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? வெண்டல் அத்தானின் இருமல் விட்டதா? ஷெல்பி ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா? பெற்ற பிள்ளை சாப்பிட்டாளா என்று உன்னிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும் நிலைமையில் இருக்கிறேன், பார்.

மறுவாழ்வு இல்லத்தை விட்டு வந்ததும் இங்கே ஒரு முதியோர் விடுதியின் சலவைக்கூடத்தில் வேலை கிடைத்துவிட்டது. படுக்கை விரிப்புகளை மடித்து மடித்துக் கனவிலும் மடிக்கிறேன். குடியிருப்பது ஏரிக்கரையில் ஒரு பழைய டிரெய்லர் வீடு. போன் இல்லை. கூரை இருக்கிறது, மழை வராத வரைக்கும். வேலை முடிந்து மாலையானால் கை தானாகப் பாட்டிலைத் தேடுகிறது. அந்தக் கைக்கு ஒரு தூண்டில் வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

இந்த ஏரியின் கெடுபிடிகளைக் கேட்டால் சிரிப்பாய். படகு கூடாது, கரையில் நின்றுதான் பிடிக்கவேண்டும். ஆளுக்கு ஒரு கோல், ஒரே ஒரு கொக்கி, அதுவும் மீன் நழுவாமல் பிடிக்கும் எதிர்முள்ளை நசுக்கியது. உயிருள்ள புழுவோ குஞ்சு மீனோ மாட்டக்கூடாது, ரப்பரில் செய்த பொய் இரைதான். பாஸ் மீன் எவ்வளவு பெரிதாகக் கிடைத்தாலும் திரும்பத் தண்ணீரில் விட்டுவிட வேண்டும். மறுவாழ்வு இல்லத்தில்கூட இத்தனை சட்டம் கிடையாது. ஆனால் எனக்குப் பிடித்திருக்கிறது. எதைச் செய்யக்கூடாது என்று யாராவது பலகையில் எழுதி வைத்துவிட்டால் மனசுக்கு ஓய்வாக இருக்கிறது.

நீதிபதி சொன்னது உனக்கு ஞாபகம் இருக்கும். ஆகஸ்டு வரை என் பேரில் எந்தக் குற்றமும் பதிவாகக் கூடாது. பதிவானால் ஷெல்பி இன்னும் ஒரு வருஷம் உன்னிடம்தான். அவளை எனக்கு ஒரு வரி எழுதச் சொல்கிறாயா? வற்புறுத்தாதே. கேட்டு மட்டும் பார்.

உன் தங்கை,
லனெல்


டல்சா, ஓக்லஹோமா
மார்ச் 20, 1994

அன்பு லனெல்,

இங்கே எல்லோரும் சுகம். முழங்கால் தன் இஷ்டத்துக்கு வலிக்கிறது, நான் என் இஷ்டத்துக்கு நடக்கிறேன். உன் கடிதத்தை வெண்டலுக்குப் படித்துக் காட்டினேன். நீ மீன் பிடிக்கிறாய் என்றதும் மனிதர் தலையைக்கூடத் தூக்காமல், "மீனுங்க பாவம்" என்று சொல்லிவிட்டுச் சோளரொட்டியைக் கடிக்கப் போய்விட்டார்.

ஷெல்பியைக் கேட்டேன். வீட்டுப்பாடம் நிறைய இருக்கிறதாம். பத்து வயதுப் பிள்ளைக்கு அப்படி என்ன வீட்டுப்பாடமோ, இந்தக் காலத்துப் பள்ளிக்கூடம் அப்படி. சர்ச்சில் பாட்டுக் குழுவில் சேர்ந்திருக்கிறாள். கணீரென்ற குரல். அவளுக்கு நாய்க்குட்டி வாங்கித் தருவதாக வெண்டல் வாக்குக் கொடுத்துவிட்டார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஏரிக்கரையில் ஈரத்தில் நிற்காதே, உனக்குச் சளி பிடிக்கும். வேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
ட்வைலா


கோர்லி ஏரி
ஏப்ரல் 17, 1994

அன்புள்ள அக்கா,

உடம்பு நன்றாக இருக்கிறது, மனசு அதைவிட. உன் வீட்டில் எல்லோரும் சுகம்தானே?

பிடித்துவிட்டேன்! கோரைப்புல் ஓரத்தில் ரப்பர் புழுவை விட்டு, தரையோடு தரையாக இழுத்துக்கொண்டிருந்தேன். தூண்டில் நரம்பில் 'டொக்'கென்று ஒரு தட்டல். அவ்வளவுதான், கோல் வில்லாக வளைந்துவிட்டது. மீன் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு எழும்பித் தலையை உதறியது பார்! அதன் கீழ்த்தாடையைக் கட்டைவிரலால் பிடித்துத் தூக்கினேன். அந்த வாய்க்குள் என் முஷ்டி போகும். பாஸ் மீனின் பல் உப்புத்தாள் மாதிரி, உனக்குத் தெரியுமே. இப்போது என் கட்டைவிரல் தோலெல்லாம் உரிந்து சொரசொரவென்று கிடக்கிறது. விடுதியில் விரிப்பு மடிக்கும்போது நூல் மாட்டுகிறது. எனக்குப் பெருமையாக இருக்கிறது.

பக்கத்தில் எப்போதும் ஹாய்ட் டாக்கெட் என்று ஒருவர் உட்கார்ந்திருப்பார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தால் வாய் ஓயாது, மீன் மாட்டாது.

"ஏம்மா, அது என் மீன். ஒரு வாரமா நான் பேச்சு கொடுத்துப் பழக்கி வெச்சிருந்தேன்."

"நீங்க பேசற பேச்சு தாங்காமத்தான் சார் அது என்கிட்ட ஓடி வந்திருக்கு."

"சரி சரி, விடறதுக்கு முன்னாடி அதுகிட்ட சொல்லு, டாக்கெட் கோவிச்சுக்கலன்னு."

தண்ணீருக்குள் வைத்ததும் கொஞ்ச நேரம் என் கையிலேயே மூச்சு வாங்கிக்கொண்டு நின்றது. பிறகு வாலை ஒரு வீசு வீசிப் போய்விட்டது. அப்போது ஷெல்பி பக்கத்தில் இல்லையே என்று தாங்கமுடியவில்லை அக்கா.

இதோடு அவளுக்கு ஊதாநிறப் புழு ஒன்று வைத்திருக்கிறேன். ரப்பர்தான், பயப்படாமல் பிரி.

லனெல்


டல்சா
மே 8, 1994

அன்பு லனெல்,

நாங்கள் நலம். நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன். மீன் பிடித்ததற்கு வாழ்த்துகள்.

உன் புழு வந்து சேர்ந்தது. மறுநாள் காலை வெண்டலின் காபியில் நீந்திக்கொண்டிருந்தது. மனிதர் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரி ஓடி வந்துவிட்டாள். ஷெல்பி அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. வெண்டல் இப்போது எதையும் கரண்டியால் துழாவிப் பார்த்துவிட்டுத்தான் குடிக்கிறார்.

இன்று அன்னையர் தினம். சர்ச்சில் அம்மாக்களுக்கெல்லாம் பூ கொடுத்தார்கள். எனக்கும் ஒன்று கிடைத்தது. பள்ளியிலும் பிள்ளைகளை வாழ்த்து அட்டை செய்ய வைத்தார்கள். ஷெல்பி அழகாகச் செய்திருக்கிறாள்.

செப்டம்பருக்கு இங்கேயே பள்ளியில் பெயர் கொடுத்து வைத்தேன். எதற்கும் இருக்கட்டும் என்றுதான். வேறொன்றும் இல்லை.

அன்புடன்,
ட்வைலா


கோர்லி ஏரி
மே 29, 1994

அன்புள்ள அக்கா,

நீங்கள் மூன்று பேரும் சுகமாக இருக்கவேண்டும். நான் சுகம் என்று எழுதமுடியவில்லை. குடிக்கவில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், குடிக்கவில்லை.

நேற்று மாலை ஏரிக் காவலர் டனவன்ட் கரையோடு வந்தார். எல்லோருடைய கொக்கியையும் பார்த்துக்கொண்டு வருவது அவர் வழக்கம். என் கொக்கி ஒன்றுதான், எதிர்முள் நசுக்கியதுதான், புழு ரப்பர்தான். தைரியமாக நீட்டினேன். மனிதர் குனிந்தவர் மூக்கைச் சுளித்தார்.

"இது என்னம்மா வாசனை?"

"எது சார்?"

"உன் புழுவுல."

"புழு வாசனைதான் சார்."

"எந்த ஊர்லம்மா புழு பூண்டு வாசனை அடிக்கும்?"

ஹாய்ட் சும்மா இருந்தாரா? "ராத்திரி சாப்பாட்டுக்கு வெச்சிருக்கா சார்" என்றார். டனவன்ட் சிரிக்கவில்லை. என்னைக் கூட்டிக்கொண்டு போய் அறிவிப்புப் பலகையைக் காட்டினார். பொய் இரையில் எந்த மணப்பொருளும் சேர்க்கக்கூடாது என்று பட்டவர்த்தனமாக எழுதியிருக்கிறது.

அந்த வரியை நான் எத்தனையோ தடவை படித்திருக்கிறேன் அக்கா. கடையில் சின்னச் சின்னப் புட்டியில் விற்கிறார்களே, அதைச் சொல்கிறார்கள் என்று நினைத்தேன். அப்பா ரப்பர் புழு வாங்கி வந்ததும் என்ன செய்வார்? மயோனஸ் பாட்டிலில் எண்ணெய் ஊற்றி, பூண்டைத் தட்டிப் போட்டு, அதில் புழுவை அடைத்து வைப்பார். நானும் அப்படியே அடைத்து வைத்தேன். எனக்கு அது மணப்பொருள் இல்லை. ரப்பர் புழுவை வைக்கும் விதமே அதுதான். பல் துலக்குவதைப் போல யோசிக்காமல் செய்துவந்திருக்கிறேன்.

எதற்கு இப்படி ஒரு சட்டம் என்று கேட்டேன். "வெறும் ரப்பர்னா மீன் சட்டுனு துப்பிடும்மா. வாசனை இருந்தா விடாது, முழுங்கிடும். கொக்கி தொண்டைக்குள்ள போயிடும். நீ திருப்பி விட்டாலும் அது பொழைக்காது" என்றார். போன வாரம் இரண்டு மீன்களுக்குத் தொண்டையில் கொக்கி ஏறி ரத்தம் வந்தது. என் கெட்ட நேரம் என்று நினைத்திருந்தேன்.

அபராதச் சீட்டு எழுதிவிட்டார். ஜூலையில் ஊர் நீதிமன்றத்தில் விசாரணை. குற்றம் பதிவாகும். ஆகஸ்டு என்ன ஆகும் என்று உனக்கே தெரியும். ஒரு பாட்டில் சாராயத்துக்குப் போகவேண்டிய பிள்ளை ஒரு பூண்டுக்குப் போகப்போகிறாள்.

நலத்துறையிலிருந்து ஸ்டைல்ஸ் அம்மா உன்னைப் பார்க்க வருவாள். அவளிடம் மறை என்று நான் சொல்லவில்லை. நீ என்ன செய்வாய் என்று எழுது. எதையாவது எழுது.

லனெல்


கோர்லி ஏரி
ஜூன் 19, 1994

அன்புள்ள அக்கா,

எல்லோரும் நலம்தானே? உடம்புக்கு ஏதாவது என்றால் அத்தானை விட்டாவது இரண்டு வரி எழுதச் சொல். தபால்காரன் என்னைப் பார்த்தாலே தூரத்திலிருந்து தலையை ஆட்டிவிட்டுப் போகிறான்.

பூண்டுப் பாட்டிலைக் கவிழ்த்துப் புழுக்களையெல்லாம் சோப்புப் போட்டுக் கழுவிப் பார்த்தேன். வாசனை போகவில்லை, குப்பையில் போட்டுவிட்டேன். புதிதாக வாங்கிய புழுவை ஒன்றும் தடவாமல் விட்டுப் பார்க்கிறேன். நிறைய மீன் தப்பிப் போகிறது. போகட்டும்.

மாலை நேரங்கள் கொஞ்சம் கஷ்டமாக இருக்கின்றன. ஆனால் கரைக்குப் போய்விடுகிறேன்.

லனெல்


கோர்லி ஏரி
ஜூலை 10, 1994

அன்புள்ள ட்வைலா,

நீ பதில் எழுதாவிட்டாலும் நலம் விசாரிப்பது என் கடமை. சுகமாக இருங்கள்.

விசாரணை முடிந்தது. முந்தின நாள் மாலை ஹாய்ட் வாளியை என் பக்கத்தில் இழுத்துப் போட்டார். ஒரு தடவைகூடக் கேலி பேசவில்லை.

"இந்தாம்மா, அந்தப் புழு என்னுதுன்னு நாளைக்கு நான் சொல்லிடறேன். நீ கடன் வாங்கின, உனக்குத் தெரியாது. எனக்கு என்ன? எனக்குப் பொண்ணும் இல்ல, பறிகுடுக்க ஒண்ணும் இல்ல."

"நீங்க பூண்டே சாப்பிட மாட்டீங்களே சார்."

"அது நீதிபதிக்கு எப்படித் தெரியும்?"

உண்மையைச் சொல்கிறேன், ராத்திரி முழுக்க எனக்கு அதே நினைப்புதான். அவர் சொல்லியிருந்தால் எல்லோரும் நம்பியிருப்பார்கள். ஆனால் குடித்த காலமெல்லாம் நான் செய்தது அதுதானே? பாட்டில் அவனுது, காசு இவனுது, எனக்கு ஒன்றும் தெரியாது. ஷெல்பியிடமே எத்தனை பொய்! அதே வாயோடு அவளைத் திரும்ப வாங்கப் போக என்னால் முடியவில்லை. எழுந்து நின்று, நான்தான் தடவினேன் என்று சொல்லிவிட்டேன். பதிவாகிவிட்டது.

ஆகஸ்டு பத்தாம் தேதி நீதிமன்றத்தில் பார்ப்போம். உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. கொஞ்சம் இருக்கிறது.

லனெல்


டல்சா
ஜூலை 24, 1994

என் லனெல்,

நாங்கள் சுகம்தான். உடம்புக்கு ஒன்றும் வரவில்லை. எழுதாமல் இருந்ததற்கு அந்தச் சாக்கைச் சொல்லலாம் என்றுதான் இருந்தேன்.

ஜூனில் ஸ்டைல்ஸ் அம்மா வந்தாள். காபி குடித்தாள். "உங்க தங்கச்சியைப் பத்தி நான் தெரிஞ்சுக்க வேண்டியது ஏதாவது இருக்கா?" என்றாள். உன் கடிதம் என் கவுன் பையில் இருந்தது. எடுத்துக் கொடுத்தால் போதும், ஷெல்பி இன்னும் ஒரு வருஷம் என்னிடம். ஒரு வருஷம் போனால் அவளே இங்கிருந்து கிளம்ப மாட்டாள். என் தங்கையையே கேட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். என்னை நல்லவள் என்று நினைக்காதே. அடுத்த வாரம் ஸ்டைல்ஸ் அம்மாவுக்குப் போன் போடப் போனைக் கையில் எடுத்தேன். ஒரு தடவை இல்லை, பல தடவை. உனக்கு எழுத உட்கார்ந்தால் எது எழுதினாலும் பொய்யாக வந்தது. நீ சறுக்கவேண்டும் என்று ஆசைப்பட்டேன் லனெல். எனக்குப் பிள்ளை இல்லை. ஷெல்பி செய்த வாழ்த்து அட்டை என் பெயருக்கு வந்தபோது எனக்கு எப்படி இருந்தது என்று நான் உனக்கு எழுதவே இல்லை.

உன் கடைசிக் கடிதத்தைப் படித்துவிட்டுச் சமையலறையில் உட்கார்ந்து அழுதேன். ஷெல்பி வந்துவிட்டாள்.

"அம்மா செத்துட்டாளா?"

"சீ, வாயைக் கழுவு."

"அப்ப குடிச்சிட்டாளா?"

"இல்லடி. ஏரிக் காவலர்கிட்ட மாட்டிக்கிட்டா."

"எதுக்கு?"

"பூண்டுக்கு."

என் முகத்தையே பார்த்தாள். பிறகு சிரிப்பு பீறிட்டு வந்தது அவளுக்கு. எனக்கும்தான். ரப்பர் புழு பிறக்கும்போதே பூண்டு வாசனையோடு பிறக்கிறது என்று கல்யாணம் ஆகும்வரை நானும் நினைத்துக்கொண்டிருந்தேன் என்று சொன்னேன். அவள் திடீரென்று சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

"அம்மா என்ன பொய் சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல."

"சொல்லியிருப்பா."

"இல்ல கண்ணு. ஒருத்தர் பழியை ஏத்துக்க வந்திருக்கார். வேணாம்னுட்டு, நான்தான் தடவினேன்னு எந்திரிச்சு நின்னு சொல்லிட்டா. நீ கிடைக்காமப் போயிடுவேன்னு தெரிஞ்சும்."

மேஜை விரிப்பின் ஓரத்தை முறுக்கினாள். பிறகு, "பெரியம்மா, எனக்கு ஒரு பேப்பர் குடு" என்றாள்.

அதை இதோடு வைத்திருக்கிறேன். நான் பிரித்துப் படிக்கவில்லை. என்னை மன்னிக்க முடிந்தால் பத்தாம் தேதி நீதிமன்ற வாசலில் என்னோடு பேசு.

ட்வைலா


அம்மா,

நான் நலம். நீ நலமா? எத்தனை பல் பூண்டு போட்டாய்? பெரியப்பா ஒரு பாட்டில் முழுக்கப் போட்டிருப்பாய் என்கிறார். என் புழுவை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன். காபியில் போட்டதால் நிறம் கொஞ்சம் மாறிவிட்டது.

நீ பொய் சொல்லாதது எனக்குப் பிடித்தது.

நீதிபதி என்னையும் கேட்பார் என்று பெரியம்மா சொன்னாள். என்ன சொல்வது என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை.

ஷெல்பி

பின்குறிப்பு: முடிவு செய்துவிட்டேன்.


டல்சா
ஆகஸ்டு 14, 1994

அன்பு லனெல், ஷெல்பிக் கண்ணு,

பத்திரமாக வந்து சேர்ந்தோம். வழி முழுக்க நானும் வெண்டலும் பேசிக்கொள்ளவில்லை. வீட்டுக்குள் நுழைந்ததும் மனிதர், "என்ன இவ்வளவு அமைதியா இருக்கு, ரேடியோவைப் போடு" என்றார். போட்டேன். கொஞ்ச நேரத்தில் அவரே போய் நிறுத்திவிட்டார்.

இன்னும் எனக்குப் படபடப்பு அடங்கவில்லை. நீதிபதி அந்தப் பதிவைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றியபோது என் உயிர் என்னிடம் இல்லை. "இந்த நாற்காலியில உட்கார்ந்து என்னென்னவோ வாசனைக்கெல்லாம் தீர்ப்பு எழுதியிருக்கேன். பூண்டுக்கு இதுதான் முதல் தடவை" என்று சொல்லி ஷெல்பியை உன்னோடு அனுப்பினாரே, அப்போதுதான் மூச்சு வந்தது. ஷெல்பி அவரிடம் தனியாக என்ன சொன்னாள் என்று நான் கேட்கமாட்டேன். நீயும் கேட்காதே. மாதம் ஒரு தடவை ஸ்டைல்ஸ் அம்மா வந்து பார்ப்பது நல்லதுதான், முகம் சுளிக்காதே.

ஷெல்பிக்கு முட்டையின் மஞ்சள் கரு ஓடக்கூடாது. இடி இடித்தால் பயப்படுவாள், ஆனால் பயம் இல்லை என்பாள். இங்கே பள்ளியில் கொடுத்த பெயரை எடுத்துவிட்டேன். எனக்கு வலிக்கிறது லனெல், மறைத்து என்ன பயன்? ஆனால் உன்னைப் பார்த்ததும் அவள் ஓடின ஓட்டம் இருக்கிறதே, அதை நான் கெடுக்காமல் இருந்தேனே என்று சந்தோஷமாகவும் இருக்கிறது.

வாரா வாரம் எழுதுங்கள்.

ட்வைலா


கோர்லி ஏரி
செப்டம்பர் 18, 1994

அன்புள்ள அக்கா,

நாங்கள் இரண்டு பேரும் சுகம். உனக்கும் அத்தானுக்கும் எங்கள் அன்பு. நவம்பரில் நன்றி கூறும் நாள் விடுமுறைக்கு நீங்கள் இங்கே வந்தே ஆகவேண்டும் என்று ஷெல்பி உத்தரவு போட்டிருக்கிறாள். கூரையை ஹாய்ட் சரிசெய்துவிட்டார். சரிசெய்தபின் வேறு இடத்தில் ஒழுகுகிறது.

உனக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன். தினமும் படுக்கப் போகுமுன் முத்தம் கொடுக்க வருவாள். கன்னத்துக்கு வருவதற்கு முன்னால் என் வாயருகில் ஒரு நொடி நிற்பாள். மூச்சை உள்ளே இழுப்பாள். குடித்திருக்கிறேனா என்று முகர்ந்து பார்க்கிறாள். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். முதல் நாள் எனக்கு நெஞ்சே வெடித்துவிடும் போலிருந்தது. பிறகு பழகிக்கொண்டேன். அவள் வந்ததும் வாயை லேசாகத் திறந்து, அசையாமல் இருப்பேன். எத்தனை நாள் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளட்டும், அவளுக்கு அந்த உரிமை உண்டு.

வியாழக்கிழமை ஏரியில் அவளுக்கு முதல் பாஸ் மாட்டியது. பெரிது ஒன்றுமில்லை. ஆனால் தாடையைத் தானே பிடித்துத் தூக்கி, ஹாய்ட் கைதட்ட, தானே தண்ணீரில் விட்டாள். வீட்டுக்கு வரும்வரை அதே பேச்சு, சாப்பிடும்போது அதே பேச்சு. படுக்கப் போகிறவள் வாய் ஓயாமல் அதையே சொல்லிக்கொண்டு வந்தாள். நான் வழக்கம்போல அசையாமல் உட்கார்ந்திருந்தேன். பாதிக் கதையில் நிறுத்தி, கன்னத்தில் ஒரு முத்தம் வைத்துவிட்டு, மீதிக் கதையைச் சொல்லிக்கொண்டே போய்ப் படுத்துவிட்டாள்.

முகர்ந்து பார்க்க மறந்துவிட்டாள் அக்கா.

உன்
லனெல்